பக்கத்தில் இருப்பவர் கேட்க வேண்டும்

மணியக்கா என்று அவளைக் கூப்பிடாதவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர்தான். ஒருவர் மதர். அவர் எல்லாரையும் "பிள்ளை" என்பார். இன்னொருத்தி அவள் பெற்ற மகள். வளாகத்துக்குள் அம்மாவை அம்மா என்று கூப்பிடக் கூடாது என்பது மணியக்காவே போட்ட சட்டம். அதனால் மகள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எதிரே வந்தால் மற்றப் பிள்ளைகளைப் போல ஓரமாக ஒதுங்கி வழிவிடுவாள்.

கன்னியர் மடத்தின் முன்கட்டில் பார்வையாளர் அறை. எல்லாரும் அதைப் பார்லர் என்பார்கள். அதற்கு வெளியே, நடையில், கயிறு கட்டிய வெண்கல மணி. யாராவது ஒரு சிஸ்டரைப் பார்க்க வந்தால் பெயர் சொல்லிக் கத்தக் கூடாது. ஒவ்வொருவருக்கும் தனி மணியடி உண்டு. மதருக்கு ஒரே அடி. கணக்கு சிஸ்டருக்கு இரண்டு அடித்து, நிறுத்தி, மறுபடி ஒன்று. மணியக்கா கல்யாணத்துக்கு முன்னாலிருந்து இந்தக் கயிற்றைப் பிடித்திருக்கிறாள். எந்த சிஸ்டர் ஜெபத்தில் இருக்கிறார், யாருக்குக் காய்ச்சல், யார் யாரைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்வார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெளியில் ஒரு வார்த்தை போகாது.

பார்லரின் சிவப்புத் தரையை அவளே மெழுகு போட்டுத் தேய்ப்பாள். முகம் தெரிகிற பளபளப்பைப் பார்த்துப் பாதிப் பேர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே விட்டு உட்காரவைத்த பிறகு, மதர் வரும்வரை அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தின் கதையைச் சொல்வதும் அவள் வேலையாகிவிட்டது. யாரும் சொல்லச் சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருக்கும்.

கப்பலில் வந்து இறங்கிய மூன்று சிஸ்டர்கள். தங்க இடம் கிடைத்தது ஒரு பழைய உப்புக் கிடங்கு. மழை பெய்தால் வெளியே நனைவதைவிட உள்ளே சுவர் அதிகம் நனையும். முதலில் சேர்ந்தவர்கள் யாருக்கும் வேண்டாத பிள்ளைகள். பிறகு பியானோ படிக்க அதிகாரிகள் வீட்டுப் பெண்கள், பிறகு கடைக்காரர்கள் வீட்டுப் பெண்கள். கட்டடம் கட்டச் செங்கல் வேண்டும். சுவரில் படமாகத் தொங்கும் முதல் மதர், சூளைக்காரர் வீட்டு வாசலில் போய்த் தினமும் காலையில் தவறாமல் நின்றார். சூளைக்காரர் நாயை அவிழ்த்துவிட்டார். மறுநாள் அந்த அம்மாள் நாய்க்கு ஓர் எலும்போடு போனார். "முதல்ல நாய் மனசு மாறிச்சு, அப்புறந்தான் முதலாளி" என்று மணியக்கா முடிப்பாள். பதற்றத்தோடு உட்கார்ந்திருக்கும் தகப்பன்மார்கூட இந்த இடத்தில் கொஞ்சம் சிரித்துவிடுவார்கள்.

அவள் தன் கதையைச் சொன்னதில்லை. சொல்ல அதிகம் இல்லை. தாய் செத்த பிறகு, ஆறு வயதில், மாமா ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து இதே பார்லரில் விட்டுவிட்டுப் போனார். பணம் கட்டும் பிள்ளைகளுக்கு ஒரு சாப்பாட்டுக்கூடம், அநாதைப் பிள்ளைகளுக்கு ஒன்று. நடுவில் ஒரு சுவர். வாசனை இரண்டு பக்கமும் வரும்.

சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு விதி இருந்தது. சிஸ்டர்கள் தங்களுக்குள் கடைப்பிடித்ததைப் பிள்ளைகளுக்கும் வைத்திருந்தார்கள். சாப்பிடும்போது பேசக் கூடாது. தனக்கு எது வேண்டுமென்றாலும் தான் கேட்கக் கூடாது. உப்போ தண்ணீரோ இன்னொரு கரண்டியோ, பக்கத்தில் இருப்பவள் உன் தட்டைப் பார்த்து, கையைத் தூக்கி, "இவளுக்கு வேணும் சிஸ்டர்" என்று உனக்காகக் கேட்க வேண்டும். நீ அடுத்தவள் தட்டைப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் மற்றவர் தட்டைப் பார்த்தால் யாருக்கும் குறை இருக்காது என்பது அதை ஏற்படுத்தியவர்களின் எண்ணம்.

நடந்தது வேறு. பிள்ளைகள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். நீ எனக்குக் கேள், நான் உனக்குக் கேட்கிறேன். யாருக்கும் பிடிக்காத பிள்ளைகள் உப்பில்லாமல் தின்றார்கள். மணியக்காவுக்கு மட்டும் அதிர்ஷ்டம். அவளுக்குப் பக்கத்தில் மாறுகண் உள்ள ஒரு பெரிய பெண் உட்காருவாள். எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்றே தெரியாது, ஆனால் இவள் தட்டு காலியாவதற்குள் கை தூக்கிவிடுவாள். வந்த புதிதில் ஒருநாள் புரையேறி இவளே தண்ணீர் கேட்டதற்குச் சாப்பாடு முடியும்வரை நிற்கவைத்தார்கள். அதற்குப் பிறகு தேவையே வரவில்லை. கேட்காமல் இருந்தால் கிடைக்கும் என்று அந்த வயதிலேயே அவளுக்குப் பதிந்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போனதும் அந்த விதியை மேஜையோடு விட்டுவிட்டுப் போனார்கள். இவள் வெளியே போகவே இல்லை.

இறுதித் தேர்வில் கணக்கு கைவிட்டது. அப்போதிருந்த மதர் மணிக்கயிற்றைக் கையில் கொடுத்தார். சில வருடம் கழித்து ஒரு பஸ் கண்டக்டர், தன் அக்காவுடன் பார்லருக்குப் பெண் கேட்டு வந்தான். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். மதரை என்றான். இவள் போய் ஓர் அடி அடித்தாள். தன் கல்யாணத்துக்குத் தானே மணி அடித்தவள் என்று அவன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். கோபம் வந்தால் அவளை "மதர்" என்று கூப்பிடுவான்.

மகள் பிறந்தபோது தொட்டிலைப் பார்க்க வந்த அந்தப் பழைய மதர், இது நம் வீட்டுப் பிள்ளை, நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார். பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். போகிற மதர் வருகிற மதருக்கு இதைச் செய், அதைச் செய் என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது. அதுவும் அவர்கள் விதி. மணியக்காவுக்கு அது தெரியும். தெரிந்தும், நம் வீட்டுப் பிள்ளை என்ற வார்த்தை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது போல நம்பியிருந்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். தனக்குக் கேட்காதவள் அடுத்தவர்களுக்குக் கேட்பதில் சளைத்தவள் இல்லை. சேர்க்கை நாட்களில் மதர் பார்லரை அடுத்த உள்ளறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். அங்கே தேநீர் கொண்டுபோகும்போது, வெளியே உட்கார்ந்திருக்கும் வாயில்லாப் பூச்சிகளுக்காக இவள் இரண்டு வார்த்தை போட்டுவைப்பாள். மதர் அதை மதிப்பார். மணியக்கா சொன்னால் காரணம் இருக்கும் என்று பெயர். அவளால் உள்ளே நுழைந்த பெண்கள் இன்று எங்கெங்கோ ஆஸ்பத்திரியிலும் ஆபீசிலும் இருக்கிறார்கள்.

மகள் பத்தாவது முடித்த வருடம் பள்ளியில் பதினோராம் வகுப்பு தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அறிவியல் பிரிவில் இடம் குறைவு. அந்த வட்டாரத்தில் வேறு எங்கும் பெண்களுக்கு அறிவியல் இல்லை. பக்கத்து நகரத்துத் தனியார் பள்ளி கண்டக்டர் குடும்பத்துக்கு எட்டாத உயரம். மகளுக்கு மருந்தாளர் படிப்பில் ஆசை. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக் கதைப்புத்தகம் மாதிரி படிக்கிற பெண். மதிப்பெண் நன்றாகவே வந்திருந்தது. முதல் வரிசை இல்லை, இரண்டாம் வரிசை. அந்த வரிசையில் இருப்பவர்களுக்கு எல்லாம் மதர் கையில். தாயோ தகப்பனோ பார்லரில் வந்து உட்கார்ந்து, மதரிடம் நேரில் கேட்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

கண்டக்டர் தனக்கு மறுநாள் வண்டி இல்லை என்றும் தானே வந்து மதரைப் பார்ப்பதாகவும் சொன்னான். வரக் கூடாது என்றாள்.

"ஏன், நான் வந்தா தரை அழுக்காயிடுமா?"

"நம்ம ஆளுங்க அங்க வரிசையில உக்காரக் கூடாதுங்க. அவங்களுக்குத் தெரியாதா? தினமும் என் மூஞ்சியப் பாக்கறாங்க. கணக்கு சிஸ்டர் சொல்லுவாங்க."

"சொல்றேன்னு சொன்னாங்களா?"

"சொல்லணுமா என்ன?"

கண்டக்டர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "இங்க பாரு. நான் நாள் முழுக்கக் கேட்டுப் பொழைக்கிறவன். டிக்கெட் டிக்கெட்னு கேட்டாத்தான் மனுஷன் பையில கை விடறான். கேக்கலன்னா ஜன்னலைப் பாத்துக்கிட்டே எறங்கிப் போயிடுவான். கெட்டவன் இல்ல. நல்லவன்தான். கேக்கலையேன்னு போயிடுவான்."

"பஸ்ஸும் கான்வென்ட்டும் ஒண்ணா?"

"சரிங்க மதர்" என்று அவன் கை கழுவப் போனான். மகள் அடுப்பங்கரை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாரத்தில் அவளும் இரண்டு மூன்று தடவை கேட்டாள். சொல்லிட்டியாம்மா என்பாள். அவர்களுக்குத் தெரியும் என்பாள் மணியக்கா. குரலில் ஒரு சின்னச் சந்தேகம்கூட இல்லாததால் மகளும் நம்பினாள்.

பார்லர் அந்த நாட்களில் நிரம்பி வழிந்தது. வரிசையின் கடைசியில், நாற்காலி விளிம்பில், இஸ்திரிக்காரி உட்கார்ந்திருந்தாள். சிஸ்டர்களின் அங்கிகளைத் தேய்த்துக் கொடுப்பவள். புருஷன் இல்லை. அவள் பெண்ணும் இரண்டாம் வரிசைதான், மணியக்காவின் மகளைவிடச் சற்றுக் குறைவு. இரண்டு தடவை உள்ளே போய், பேச்சு வராமல், மதருக்கு வணக்கம் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பியிருந்தாள். மணியக்காவுக்குப் பொறுக்கவில்லை. தேநீர்க் கோப்பையை மதர் பக்கத்தில் வைத்துவிட்டு, இஸ்திரிக்காரியின் பெண்ணைப் பற்றி எடுத்துச் சொன்னாள். நன்றாகப் படிக்கிறது, தாய்க்கு வாய் இல்லை, கைச்சூட்டில் பிள்ளையை வளர்த்திருக்கிறாள் என்றெல்லாம் சொன்னாள். மதர் கேட்டுத் தலையை ஆட்டினார். பிறகு பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"வேற யாராவது இருக்காங்களா பிள்ளை?"

மணியக்கா நின்றாள். கோப்பைத் தட்டைக் கையில் பிடித்தபடி, கண்ணைத் தாழ்த்தி, சாப்பாட்டுக்கூடத்தில் நிற்பது போல நின்றாள். மதர் இப்போது தன் தட்டைப் பார்ப்பார் என்று காத்திருந்தாள். மதர் பதிலுக்குக் காத்திருந்தார்.

"இல்ல மதர்" என்றாள்.

மதர் எழுதத் தொடங்கினார். நடையில் கணக்கு சிஸ்டர் எதிர்ப்பட்டு, பெண் எப்படி இருக்கிறாள் என்று சிரித்தபடி விசாரித்துவிட்டுப் போனார். நல்ல செய்தி தெரிந்துதான் சிரிக்கிறார் என்று மணியக்கா எடுத்துக்கொண்டாள்.

அறிவிப்புப் பலகையில் பெயர்கள் ஒட்டிய அன்று அவள் பார்க்கப் போகவில்லை. மகள் வந்தாள். பிள்ளைகளும் தாய்மாரும் நிறைந்த நடையில், எல்லார் முன்னாலும், சத்தமாக "அம்மா" என்று கூப்பிட்டாள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மணியக்காவுக்குப் பிள்ளை இருப்பது பலருக்கு அன்றுதான் தெரியும்.

"அம்மா, என் பேர் இல்ல. இஸ்திரிக்கார அக்கா பொண்ணு பேர்தான் கடைசி."

மாலை பள்ளி காலியான பிறகு மணியக்கா நடைக்குப் போய்க் கயிற்றைப் பிடித்து ஓர் அடி அடித்தாள். மதர் அங்கியைச் சரிசெய்துகொண்டு பார்லருக்கு வந்தார். வரிசையாக வெற்று நாற்காலிகள்.

"யாரு வந்திருக்காங்க?"

"நான்தான் மதர்."

உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அந்த நாற்காலிகளைத் துடைத்திருக்கிறாளே ஒழிய ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மகளுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதை, ஏதோ அவளே தப்புச் செய்தது போல, மெதுவாகச் சொன்னாள். மதருக்கு உண்மையிலேயே திகைப்பு. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கேக்கவே இல்லையே பிள்ளை."

அவள் பக்கத்து நாற்காலியை வரிசைக்கு நேராக நகர்த்திவைத்தாள்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் கேட்ட. உன் பிள்ளைக்கு வேணும்னா முதல்ல கேப்பியே, கேக்கலையே, வேற எங்கயோ ஏற்பாடு பண்ணிட்டாங்க போலன்னுதான் நினைச்சேன். வேற யாராவது இருக்காங்களான்னு உன்னையே கேட்டேனே. நீதான் இல்லன்னுட்ட."

அதில் பொய் ஒன்றும் இல்லை. மதர் கணக்கு சிஸ்டரையும் கூப்பிட்டு விசாரித்தார். அந்த அம்மாளும் அதையேதான் சொன்னார். மணியக்கா தினமும் மதரைப் பார்க்கிறவள், நடுவில் தான் நுழைந்தால் மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டாராம். தட்டு எல்லார் கண்ணிலும் பட்டிருக்கிறது. ஒருவரும் கை தூக்கவில்லை. பெயர் ஒட்டிய பிறகு ஒன்றை எடுத்து ஒன்றை வைக்க முடியாது என்றார் மதர். யாருடைய பெயரை எடுக்கச் சொல்வது என்று மணியக்காவும் கேட்கவில்லை. அது யாருடையது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மதருக்கு மனசு கேட்கவில்லை. எதையாவது கொடுத்து அனுப்ப வேண்டும் என்றிருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"உனக்கும் முழங்கால் முடியல. பொண்ணை இங்க அனுப்பேன். உன்கூட இருந்து மணி, பார்லர் எல்லாம் பழகிக்கட்டும். பின்னால அவளுக்கும் ஒரு இடமாச்சு."

மணியக்கா வாயிலிருந்து வந்தது, இத்தனை வருடமாக வந்துகொண்டிருந்த அதே வார்த்தை. "சரி மதர்" என்றாள். நன்றி என்றும் சொன்னாள்.

வீட்டில் அதை அப்படியே சொன்னாள். மறைக்கத் தெரியாது. மகள் அழுது முடித்திருந்தாள். முகம் கழுவி, தலைவாரி, பாயில் நேராக உட்கார்ந்திருந்தாள்.

"நீ கேட்டியா, இல்ல அவங்க சொன்னதுக்குத் தலையாட்டிட்டு வந்தியா?"

"கேட்டேன். பேர் போட்டாச்சாம்."

"அந்தப் படத்துல இருக்கற அம்மா நாய்க்கு எலும்பு எடுத்துட்டுப் போயி நின்னாங்கன்னு வர்றவங்க எல்லாருக்கும் சொல்றல்ல. அவங்க வெக்கப்பட்டுக்கிட்டு வீட்ல இருந்திருந்தா நீ எந்த மணியை அடிச்சிருப்ப?"

"அவங்க பிள்ளைங்களுக்குக் கேட்டாங்கடி. தனக்குக் கேக்கல."

"நான் யாரும்மா?"

அந்தப் பெண் கேட்டது சண்டைக்குக் கேட்டதில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. அதுவரை மணியக்கா அந்தப் பிள்ளையைத் தன் உடம்பில் ஒரு பாகமாகவே வைத்திருந்தாள். தனக்கென்று கேட்பதும் மகளுக்கென்று கேட்பதும் வேறு வேறு என்று ஒருநாளும் தோன்றியதில்லை. மேஜையில் பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருந்தது மகள்தான் என்பதும், கை தூக்க வேண்டியவள் தான்தான் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

கண்டக்டர் திட்டவில்லை. மதர் என்று கேலியும் செய்யவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பட்டப்பெயரை அவன் வாயில் யாரும் கேட்டதில்லை. "நான் வந்திருப்பேன்" என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான்.

மகள் மணி அடிக்க வரவில்லை. தன் பஸ்ஸில் வழக்கமாக வரும் மருந்துக்கடைக்காரரிடம் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டான். அடுத்த நிறுத்தத்துக்குள் வேலை முடிவாகிவிட்டது. அவள் ஏணியில் ஏறிப் பெட்டி எடுத்துக் கொடுப்பாள், டாக்டர் சீட்டில் இருப்பதைப் படித்துச் சொல்வாள். மாத்திரை வெட்டித் தருவது மருந்தாளர் படிப்பு முடித்தவர்களின் வேலை. அந்தப் பக்கம் அவள் போகக் கூடாது.

பள்ளிக்கூடத்தில் எல்லாம் எப்போதும் போல நடந்தது. இஸ்திரிக்காரி ஒருநாள் பார்லருக்கு வந்து மணியக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உங்களால்தான் அக்கா என்றாள். அவள் பெண் தினமும் காலையில் நடையில் நின்று, கனமான புத்தகங்களை மார்போடு அணைத்தபடி, மணியக்காவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மாடி ஏறும். நல்ல பெண். அதன் மேல் கோபப்பட ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மணியக்கா அந்த நேரத்தில் ஏதாவது துடைப்பது போலக் குனிந்துகொள்ளப் பழகினாள். வந்தவர்களுக்குப் பள்ளியின் கதையைச் சொல்லும்போது செங்கல்லோடு நிறுத்திக்கொண்டாள். நாய் வருவதில்லை. பாதியில் நிற்கிற கதையைக் கேட்டுவிட்டு அவர்களும் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் மகள் மரியாதையாகவே இருந்தாள். சம்பளத்தை அப்பாவிடம் கொடுத்தாள், பாத்திரம் கழுவினாள், சாப்பிட்டியா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்றாள். ஒன்று மட்டும் நின்றுபோயிற்று. அம்மாவிடம் எதையும் கேட்பதில்லை. தலைக்குப் பின்னால் கை எட்டாமல் பின்னலோடு போராடிக்கொண்டிருப்பாளே தவிர, கூப்பிட மாட்டாள்.

அடுத்த வருடம் மணியக்காவின் முழங்கால் வீங்கிவிட்டது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேறு கடைக்குப் போயிருக்கலாம். கால் மகளின் கடைக்குத்தான் போயிற்று.

சாயங்கால நேரம், கடை முன்னால் கூட்டம். இருமலுக்கு ஒருவர், குழந்தைக் காய்ச்சலுக்கு ஒருவர், தலைக்கு மேல் தலையாக நின்று கையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மணியக்கா ஓரமாக, கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் நின்றாள். சீட்டு கையில் மடித்தபடி இருந்தது. மகள் ஏணியிலிருந்து இறங்கும்போது பார்த்துவிட்டாள். பார்த்தது மணியக்காவுக்கும் தெரியும். கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்தாள், அடுத்தவரைக் கவனித்தாள், மறுபடி ஏணி ஏறினாள். பின்னால் வந்த இரண்டு மூன்று பேர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடைக்காரர்தான் அடையாளம் கண்டு, உங்க அம்மா நிற்கிறாங்களே என்றார்.

மகள் வந்து மேஜைக்குப் பின்னால், எதிரே நின்றாள். கண் சிவந்திருந்தது, தூசியாக இருக்கலாம்.

"என்னம்மா வேணும்?"

சீட்டு விரலுக்குள் ஈரமாகியிருந்தது. நீட்டினால் போதும், வாய்கூடத் திறக்க வேண்டாம். மணியக்கா அதைப் புடவை மடிப்புக்குள் செருகிக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல. இந்தப் பக்கமா வந்தேன், அதான்."

மகள் அம்மாவின் முழங்காலைப் பார்த்தாள். வீக்கம் புடவைக்கு மேலேயே தெரிந்தது. ஏதோ சொல்ல வந்தவள் போல மேஜை விளிம்பைப் பிடித்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, அம்மாவின் தோளுக்கு மேல் பின்னால் நின்றவரைப் பார்த்தாள்.

"அடுத்து யாரு?"